தண்டனை சொல்லும் முன் ஓர் அறிக்கை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் இடநெருக்கடி என்று செய்தி வரும்போதெல்லாம் புதுச் சிறை கட்டுவதைப் பற்றியும் ஜாமீனைப் பற்றியுமே பேசுகிறோம். முதல் தடவையாகச் சிறு குற்றத்தில் சிக்கி, குற்றம் நிரூபணமும் ஆகிவிட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமலே திருத்துவதற்கு 1958 முதல் நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது: குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். வக்கீல்கள் அதை உரிய நேரத்தில் கேட்பதில்லை. கேட்காதவருக்கு அது அநேகமாகக் கிடைப்பதும் இல்லை.

அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி, திருட்டு, ஏமாற்றுதல் போன்ற சில குற்றங்களிலும், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களிலும், முன்தண்டனை இல்லாதவரைக் கண்டித்து அனுப்பிவிடலாம். 4-வது பிரிவு இன்னும் விரிவானது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத எந்தக் குற்றமானாலும், மூன்று ஆண்டுக்கு மிகாமல் நன்னடத்தைப் பிணையப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். நன்னடத்தை அலுவலரின் (குற்றவாளியைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர், விடுவிக்கப்பட்டவரைக் கண்காணிப்பவர்) மேற்பார்வையையும் சேர்க்கலாம். சேர்த்தால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயது நிரம்பாதவர்களைப் பற்றியது 6-வது பிரிவு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்றவற்றில் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுப்பதானால் ஏன் கொடுக்கிறோம் என்று நீதிமன்றம் காரணம் எழுதியாக வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதும் அங்கே கட்டாயம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? குற்றவாளி என்று தீர்மானித்தபின் தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று நடுவர் கேட்பார். கூண்டில் நிற்பவர், "ஐயா, வயசான அம்மா இருக்காங்க, பார்த்துப் போடுங்க" என்பார். வக்கீல் எழுந்து கருணை காட்டும்படி வேண்டி ஒரு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிடுவார். குற்றத்தின் தன்மையைக் கருதி நன்னடத்தைச் சட்டத்தின் பயனை அளிக்க இயலாது என்று தீர்ப்பில் ஒரு வரி ஏறும். மாலைக்குள் அவர் சிறைக்கு வண்டி ஏறியிருப்பார். அந்த மனிதர் யார், வீட்டில் எப்படி, வேலைக்குப் போகிறவரா, யார் பேச்சைக் கேட்பார் என்பது எதுவும் நடுவரின் மேஜைக்கு வந்திருக்காது. நடுவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விசாரித்து எழுத அலுவலருக்குச் சில வாரங்களாவது வேண்டும். தீர்ப்பன்று கேட்டால் அவர் எங்கிருந்து கொடுப்பார்?

ஆகவே, கேட்கும் நாளை முன்னால் தள்ள வேண்டும். இறுதி வாதம் முடியும் நாளிலேயே வக்கீல் ஒரு மெமோ (சுருக்கமான எழுத்து வேண்டுகோள்) போடலாம். அதில், குற்றவாளி என்று தீர்மானிக்கும் பட்சத்தில், தண்டனை சொல்லும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும், அதுவரை ஜாமீனை நீட்டிக்க வேண்டும் என்று எழுதினால் போதும். முன்தண்டனை இல்லை என்பதையும், நிலையான முகவரியையும், பிணை நிற்க முன்வருபவரின் விவரத்தையும் சேர்த்துவிட்டால் அலுவலரின் வேலை பாதி குறையும். இப்படிக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல வக்கீல்கள் தயங்குகிறார்கள். இது வீண் பயம். இந்தச் சட்டம் குற்றம் நிரூபணமான பிறகே பேசத் தொடங்குகிறது. மேல்முறையீட்டு உரிமையும் அப்படியே இருக்கும். 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு குடும்பக் கொடுமை வழக்கில், நன்னடத்தை விடுவிப்பு பொருந்துமா என்று பரிசீலிப்பது நீதிமன்றத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அதைப் பரிசீலிக்க வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

வயது விஷயத்தில் ஓர் அநியாயம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. 6-வது பிரிவுக்கு 21 வயதை எந்த நாளில் கணக்கிடுவது என்ற கேள்விக்கு, விசாரணை நீதிமன்றம் தண்டனையைத் தீர்மானிக்கும் நாளில் என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. குற்றம் நடந்த நாள் கணக்கில் வராது. 19 வயதில் செல்போன் திருடிய பையனின் வழக்கு, சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை, விசாரணை அதிகாரி மாறுதலில் போய்விட்டார் என்று இழுத்துக்கொண்டு நான்கு ஆண்டு ஓடினால், தீர்ப்பு நாளில் அவனுக்கு 23. கட்டாயப் பாதுகாப்பு போய்விடும். நடுவர் மனம் வைத்தால்தான் 4-வது பிரிவு. தாமதம் அரசுத் தரப்பினுடையது, இழப்பு பையனுடையது. 18 முதல் 21 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளைத் தனியாகக் குறித்து முன்னுரிமை கொடுத்து முடிக்க உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே இதைப் பெருமளவு தடுக்கலாம்.

அறிக்கையிலும் கோளாறு நேர்வதுண்டு. காவல் நிலையத்தில் சொன்னதையே திருப்பி எழுதிக் கொடுக்கும் அறிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. ஊருக்குப் போய் விசாரித்தாலும், மேலத்தெருவில் நாலு பேரைக் கேட்டுவிட்டுக் காலனிப் பையனைப் பற்றி எழுதினால் அது ஊரின் சாதிப் பார்வையாகவே இருக்கும். வேலை கொடுத்தவர், பள்ளி ஆசிரியர், வீட்டுக்காரர், பாதிக்கப்பட்டவர் எல்லோரையும் பார்க்க வேண்டும். அறிக்கை ரகசியமானது என்றாலும் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, மறுத்துச் சான்று காட்ட வாய்ப்பளிக்க 7-வது பிரிவு இடம் தருகிறது. வக்கீல்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

இந்த ஏற்பாடு பக்தியுள்ள சாதாரண மனிதர்களிடமிருந்து பிறந்தது. 1841-இல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்பவர், நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரருக்குத் தாமே பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து ஆள் தெளிந்து வந்து நின்றதைப் பார்த்த நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் செலவுத்தொகையும் விதித்து விட்டுவிட்டார். 1876-இல் இங்கிலாந்தில் ஓர் அச்சுத் தொழிலாளி கொடுத்த ஐந்து ஷில்லிங்கைத் தொடக்கமாக வைத்து, இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கம் காவல் நீதிமன்றங்களுக்குத் தொண்டர்களை அனுப்பியது. அந்தப் பணியே 1907-இல் அங்கே சட்டமாயிற்று. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

இன்றும் சமய அமைப்புகளால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 4-வது பிரிவின்படி, குற்றவாளிக்கோ அவருடைய பிணையாளுக்கோ அந்த நீதிமன்ற எல்லைக்குள் நிலையான வசிப்பிடம் அல்லது ஒழுங்கான தொழில் இருக்க வேண்டும். "அல்லது பிணையாளுக்கு" என்பதைக் கவனிக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் படுத்து உறங்குபவரானாலும், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரானாலும், உள்ளூரில் வீடுள்ள ஒருவர் பிணை நின்றால் இந்தக் கதவு திறக்கும். பண்டிகை நாளில் சிறைக்குள் இனிப்பும் புதுத்துணியும் கொண்டுபோகிற கோயில், பள்ளிவாசல், தேவாலய அன்பர்கள், தங்கள் ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு இப்படி நிற்கத் தயாரான நாலைந்து பேரின் பெயரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்து வைக்கலாம். காசு வாங்கிக்கொண்டு நிற்பது கூடவே கூடாது. மதம் பார்த்து ஆள் பொறுக்குவதும் கூடாது. வாரம் ஒருமுறை அந்த ஆளை நேரில் பார்க்க மனமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இந்தக் கருணைக்கு எல்லையும் உண்டு. போதைப்பொருள் வழக்குகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், உட்கொண்டது முதலிய ஓரிரு பிரிவுகளுக்கும் தவிர இது கிடையாது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவர்களுக்கு இதைத் தரக்கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அது சரியென்றே நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுக் காட்டும் இரக்கம் நியாயமாகாது. 5-வது பிரிவின்படி விடுவிக்கும்போதே இழப்பீடும் செலவுத்தொகையும் கட்டச் சொல்லலாம். ஆனால் அந்த உத்தரவு அபூர்வமாகத்தான் போடப்படுகிறது. அடிபட்டவருக்கு மருத்துவச் செலவு கைக்கு வந்தால் "அவனைச் சும்மா விட்டுட்டாங்க" என்ற மனக்கசப்பு குறையும்.

விடுவிக்கப்பட்டவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனை பெற்றதால் வேறு சட்டங்களின் கீழ் வரும் தகுதியிழப்பை 12-வது பிரிவு நீக்குகிறது. குற்றம் நிரூபணமானதையே அது அழித்துவிடாது. அரசு ஊழியரானால் துறை நடவடிக்கை வரலாம். நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரும். முதல் மீறலுக்கு ஐம்பது ரூபாய் வரை தண்டம் விதித்துப் பத்திரத்தைத் தொடர விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஏற்கெனவே தண்டனை ஆகி மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. 11-வது பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றமும் சீராய்வில் உயர் நீதிமன்றமும் இதே உத்தரவைப் போடலாம். அடுத்த வாய்தாவிலேயே மெமோ கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்,
திருச்சி.