பதினாலில் ஒன்று படுத்துவிட்டது, உங்கள் தாளில் 88 சதவீதம் நலம்

அனுப்புநர்:
வடவள்ளி, கோயம்புத்தூர்
(பெயர், முகவரி, வண்டிப் பதிவெண், பில் நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின் ஸ்கூட்டர் தயாரிப்பு நிறுவனம்

நாள்: 12.01.2026

பொருள்: வாரண்டி காலத்துக்குள் பேட்டரி பேக் பழுதானது, பேக்கின் உள்ளே வரிசையாக இணைந்த 14 அடுக்குகளின் (ஒவ்வொன்றும் சில செல்கள் சேர்ந்தது) வோல்டேஜ் அளவை எழுத்தில் தரவும், பேக்கை மாற்றித் தரவும் கோருதல்.

ஐயா,

2023 ஆகஸ்டில் உங்கள் ஸ்கூட்டரை 1,38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இன்று வரை 23,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேட்டரிக்கு வாரண்டி மூன்று வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். நலம், அதாவது புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு, 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இலவசமாக மாற்றித் தருவதாக வாரண்டி புத்தகத்தில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். மூன்று முறை சர்வீஸ் சென்டருக்கு வந்துவிட்டேன். மூன்றாவது முறை என் கையில் கொடுத்த தாளில் ‘பேட்டரி நலம் 88 சதவீதம், குறை எதுவும் இல்லை’ என்று இருக்கிறது. அந்தத் தாளை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துப் படியுங்கள்.

காந்திபுரம் பக்கம் 26 வருஷமாக பம்ப் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மீட்டர் பிடித்துத்தான் பிழைப்பு. ‘கரண்ட் சமாச்சாரம் உங்களுக்குப் புரியாது சார்’ என்று உங்கள் கவுன்ட்டரில் சொன்ன பேச்சு அதனால்தான் என்னிடம் எடுபடவில்லை.

வண்டி வாங்கின முதல் மாதமே, கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று வீட்டில் கேட்டார்கள். கடையில் கிடந்த யூனிட் மீட்டர் ஒன்றைச் சார்ஜர் பிளக்குக்கு முன்னால் மாட்டிப் பார்த்தேன். 5 சதவீதத்திலிருந்து முழு சார்ஜ் ஏற 3.3 யூனிட், நாலரை மணி நேரம். அதை டைரியில் எழுதி வைத்தேன். பேக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 51.1 வோல்ட், 2.9 கிலோவாட் மணி என்று போட்டிருக்கிறது. சார்ஜரிலும் வயரிலும் சூடாகிப் போவதைக் கழித்தால் 3.3 சரியான கணக்கு. அப்போது ஒரு சார்ஜுக்கு 92 கிலோமீட்டர் வந்தது. உங்கள் விளம்பரத்தில் சொன்னதைவிட இது குறைவுதான். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

போன அக்டோபரில் கோளாறு ஆரம்பித்தது. கடையை அடைத்துவிட்டுக் காந்திபுரம் மேம்பாலம் ஏறும்போது திரையில் 34 சதவீதம் காட்டிய வண்டி, பாதி ஏற்றத்தில் திணறி, 9 சதவீதம் என்றது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் நின்றேன். அப்புறம் பார்த்தால் 27 சதவீதம்! சார்ஜ் போடாமலேயே பேட்டரி நிரம்புமா? நிரம்பாது. லோடு கொடுத்தால் வோல்டேஜ் விழுந்து, லோடு எடுத்தால் எழுந்துகொள்கிறது என்றால், உள்ளே எங்கோ ஒரு செல்லின் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது அல்லது அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் முறை வந்தபோது டயரில் காற்று குறைவு என்றீர்கள். அது உண்மைதான், அடித்துக்கொண்டேன். இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கலாம். இரண்டாம் முறை சாஃப்ட்வேர் அப்டேட் என்று அரை நாள் வண்டியை வைத்துக்கொண்டு, பொதுச் சர்வீஸ் என்று 1,416 ரூபாய் வாங்கினீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு சதவீதம் 34-லிருந்து 9-க்குக் குதிப்பது நின்றது. ஆனால் 40-க்குக் கீழே வந்ததும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நீங்கள் திருத்தியது திரையை. பேட்டரியை யாரும் தொடவே இல்லை. மூன்றாம் முறை குளிர்காலம் என்று காரணம் சொன்னீர்கள். வடவள்ளி ஊட்டி இல்லை ஐயா.

டிசம்பரில் பழைய டைரியை எடுத்து, அதே மீட்டரை மாட்டி, அதே 5 சதவீதத்திலிருந்து மறுபடி சார்ஜ் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ‘ஃபுல்’ என்று நின்றுவிட்டது. ஏறியது 2.0 யூனிட். மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தேன்: 2.0, 1.9, 2.0. சார்ஜரையும் சும்மா விடவில்லை. லோடு இல்லாமல் 58.8 வோல்ட் கொடுக்கிறது, அதாவது 14 அடுக்குக்குத் தலா 4.2 வீதம். சார்ஜரில் குறையில்லை. வண்டி இப்போது 54 கிலோமீட்டர் ஓடுகிறது. 3.3-க்கு 2.0 என்றால் 61 சதவீதம், 92-க்கு 54 என்றால் 59. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. உங்கள் 88 எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. மூன்றாம் முறை வந்த அன்று உங்கள் மெக்கானிக் தம்பி வண்டியை லேப்டாப்பில் இணைத்தபோது நான் அருகில்தான் நின்றிருந்தேன். திரையில் 14 அளவுகள் வரிசையாக வந்தன. பதின்மூன்று 3.61, 3.62 என்று பிசிறில்லாமல் நின்றன. ஏழாவது மட்டும் 3.21. ‘இதென்ன தம்பி?’ என்றேன். அவர் தன் மேலதிகாரியைப் பார்த்தார். உடனே திரை மூடப்பட்டது. ‘இது உள் தகவல், வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது’ என்று பதில் வந்தது. தம்பியின் மேல் நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். வந்த மூன்று முறையில் வேலை தெரிந்தவராக எனக்குப் பட்டவர் அவர் ஒருவர்தான்.

பதின்மூன்று நல்லதையும் ஒரு கெட்டதையும் கூட்டிப் பதினாலால் வகுத்தால் எப்போதும் பாஸ் மார்க்தான் வரும். ஆனால் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைந்தவை. ஓடும்போது எது முதலில் காலியாகிறதோ அப்போதே பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) கரண்டை வெட்டியாக வேண்டும். சார்ஜ் ஏறும்போது எது முதலில் 4.2-ஐத் தொடுகிறதோ அங்கேயே நிறுத்தியாக வேண்டும். மற்ற பதின்மூன்றில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் எனக்குப் பயனில்லை. மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில் கருகி வந்தால், ‘மூன்றில் இரண்டு நன்றாக இருக்கிறது, 67 சதவீதம் நலம்’ என்று நான் விவசாயியிடம் தாள் எழுதிக் கொடுத்தால் என் கடை என்ன ஆகும்?

ஒரே ஒரு முறை பார்த்த 3.21-ஐ வைத்துத் தீர்ப்புச் சொல்லும் ஆள் நான் இல்லை. அதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாததுதான் என் கோபம்.

வோல்டேஜை அளக்கும் மெல்லிய சென்ஸ் வயர் துருப்பிடித்தோ கழன்றோ இருந்தால் பொய் அளவு காட்டும். அப்போது வண்டி சும்மா நிற்கும்போதுகூட எண் தாவித் தாவி வரும். அதுதான் கோளாறு என்றால் எனக்குச் சந்தோஷமே. வயரைச் சரிசெய்து கொடுங்கள், கைகுலுக்கிக்கொண்டு போகிறேன்.

அடுத்தது, ஏழாவது அடுக்கு மட்டும் சமநிலை தவறிப் பின்தங்கியிருக்கலாம். அப்படியென்றால் முழு சார்ஜிலும் அது மற்றவற்றைவிடக் கீழே இருக்கும், காலியாகும்போதும் கீழேயே இருக்கும். பேலன்ஸ் செய்தால், அதாவது எல்லா அடுக்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால், சரியாகும். பிஎம்எஸ் செய்யும் பேலன்ஸிங் மிகச் சின்னக் கரண்டில் நடப்பது என்பதால் ஒரு ராத்திரியில் முடியாது, பல நாள் பிடிக்கும். பேலன்ஸ் செய்த பிறகு ஒரு வாரம் வண்டியை ஓட்டாமல் வைத்துப் பாருங்கள். ஏழாவது மட்டும் மறுபடி இறங்கினால் உள்ளே தானாகக் கசிகிறது, அந்த செல்லை நம்ப முடியாது.

மூன்றாவதுதான் என் சந்தேகம். சார்ஜில் முதலில் உச்சிக்குப் போய், ஓட்டத்தில் முதலில் தரைக்கு வந்தால், அந்த அடுக்கின் கொள்ளளவே போய்விட்டது. செல் செத்திருக்கலாம். இல்லையென்றால், பக்கவாட்டில் இணைந்த செல்களில் ஒன்றின் நிக்கல் பட்டை வெல்டு விட்டிருக்கலாம். நம் ரோட்டுக் குலுக்கலுக்கு வெல்டு விடுவது ஆச்சரியமில்லை. சார்ஜ் இரண்டே முக்கால் மணியில் நிற்பது இரண்டாவது காரணத்தாலும் வரலாம், ஆனாலும் இதுதான் என்று என் மனசு சொல்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு பகல் போதும். முழு சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டு 14 அளவையும் எடுங்கள். நான் கூடவே வருகிறேன், 25 கிலோமீட்டர் ஓட்டுவோம், ஏற்றத்தில் த்ரோட்டில் முழுக்க முறுக்கியபடியே மறுபடி அதே 14 அளவு. நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு 14. நாற்பத்திரண்டு எண், ஒரே தாளில், சீல் கையெழுத்தோடு வேண்டும். பேக்கின் சீலை நான் தொடவில்லை. என் கடையில் அதைத் திறக்கக் கருவி இருக்கிறது, ஆளும் இருக்கிறது. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும் திறக்கக் கூடாது, நீங்களும் காட்ட மாட்டீர்கள் என்றால் எப்படி?

இன்னொன்று, பயம். போன மாதம் என் மகள் இரவு எட்டரைக்குத் தடாகம் ரோட்டில் 38 சதவீதம் காட்டிய வண்டியோடு நடுவழியில் நின்றாள். டெம்போ வைத்து எடுத்து வந்ததற்கு 900 ரூபாய். பணம் கிடக்கட்டும். வீட்டில் மாடிப்படிக்கு அடியில்தான் சார்ஜ் போட்டு வந்தோம், சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா படுத்திருக்கிறார். 2022-ல் பல ஊர்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை அரசு இறுக்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-ல் வந்தது. என் வண்டி அதற்குப் பிறகு வாங்கியது. ஒரு அடுக்கு கெட்டுப்போன பேக்கை ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, அதே படிக்கு அடியில் போய் மாட்டச் சொல்வது எந்த விதியில் இருக்கிறது?

பேக் பழுது என்று தெரிந்தால் ஏழாவது அடுக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதுச் செல் வைத்து மூடாதீர்கள். 23,400 கிலோமீட்டர் ஓடிய பதின்மூன்றுக்கு நடுவில் புதுசு ஒன்று சேர்ந்து ஓடாது, ஆறே மாதத்தில் மறுபடி வந்து நிற்பேன். மோட்டாரிலும் கருகின ஒரு காயிலை மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு. நான் செய்ததில்லை. முழுப் பேக்காக மாற்றுங்கள். மாற்றும் பேக் புதியதா, வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பழுது பார்த்ததா என்பதையும், சீரியல் எண், தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் கொடுங்கள். மாற்றிய நாளிலிருந்து வாரண்டி எப்படிக் கணக்கு என்பதும் அதில் வர வேண்டும். கழற்றிய பேக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது உங்கள் பொறுப்பு. காரணம் கண்டுபிடிக்காமல் வாங்கிய 1,416 ரூபாயும் டெம்போ 900 ரூபாயும், ஆக 2,316 ரூபாய் திரும்ப வர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று போனில் வரும் குறுஞ்செய்தியை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படியும் வரவில்லை என்றால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். வண்டியின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. டைரிப் பக்கங்களின் நகல், யூனிட் மீட்டரின் போட்டோக்கள் ஆறு, உங்கள் மூன்று சர்வீஸ் பில்கள், 88 சதவீதத் தாள், டெம்போ ரசீது எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வண்டியை இப்போது வீட்டில் சார்ஜ் போடுவதில்லை. கடை வாசலில், பகலில், என் கண் முன்னால்தான் போடுகிறேன். அளவெடுக்க வருவதாக இருந்தால் முந்தின நாள் சொல்லுங்கள், முழு சார்ஜில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
(கையொப்பம்)