அப்பாவின் நாள் அரை மணி நீளம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மேஜை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து கண்ணில் படும்; உடனே மூடிவிடுவேன். எல்லோரும் நலம் என்று நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். உன்னிடம் அப்படி எழுத மனம் வரவில்லை. நாம் 'தவளை' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவளுக்கு மகள் பிறந்திருக்கிறாள், தெரிந்திருக்கும். என் பெரியவன் பள்ளியை முடித்துவிட்டான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் அப்பாவைப் பற்றியது.

அவருக்குக் கண் அழுத்த நோயில் இரண்டாவது கண்ணும் போய்விட்டது என்று முன்பே எழுதியிருந்தேன். விளக்கைப் போட்டால் போட்டதுகூடத் தெரியாத இருட்டு. அதற்கெல்லாம் அவர் பழகிக்கொண்டார். படிக்கு எத்தனை அடி, வாசலுக்கு எத்தனை அடி என்று எண்ணி வைத்துக்கொண்டு நம்மைவிட நிதானமாக நடக்கிறார். தூக்கம்தான் கெட்டுப்போயிற்று. சில வாரம் ஒழுங்காகத் தூங்குவார். பிறகு நள்ளிரவைத் தாண்டும், பிறகு விடிகாலையாகும், பிறகு இரவெல்லாம் விழித்திருந்து பகலெல்லாம் தூங்குவார். நாங்கள் பார்த்த மருத்துவர் வயதாகிவிட்டது என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே சரியாகிவிட்டது. அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. தம்பி அதைப் பிடிவாதம் என்றான். சித்தி, பௌர்ணமிதான் காரணம் என்று அடித்துச் சொன்னாள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அலமாரியைத் திறந்துவைத்து அப்பா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "மணி இரண்டு அப்பா, ராத்திரி!" என்று கத்திவிட்டேன். அவர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகுதான் பேசினார்: "நீ சொன்னால்தான் அம்மா எனக்கு ராத்திரி."

ராஜி, அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் ஒரு நோட்டை எடுத்து அவர் தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் குறிக்கத் தொடங்கினேன். முதல் நாள் தூங்கியது காலை 10.50. அடுத்த நாள் 11.20. பிறகு 11.45, 12.20, 12.45. இரண்டு வாரம் ஆனதும் பெரியவனின் கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்தேன். கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரே சாய்வுக் கோடு! ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை மணி தள்ளிப்போகிறது. நாற்பத்தெட்டு நாளில் கடிகாரத்தை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தார். மாத்திரை குணமாக்கியது என்று நாங்கள் நம்பினோமே, அந்த வாரம் அந்தச் சுற்று தானாக இரவோடு ஒத்துப்போன வாரம். மாத்திரை வெறுமனே அந்த நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விழிப்பு இரவுகளில் அவரோடு மாடியில் உட்கார்ந்திருப்பேன். நிலவும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் எழுந்தது, மறுநாள் தாமதம், அதற்கு மறுநாள் இன்னும் தாமதம். பூகோள டீச்சர் மேஜை விளக்கையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாடுபட்டுச் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிலவு நம்மைச் சுற்றி வருவதால், சூரியனோடு ஒப்பிட்டால் வானத்தில் நாளுக்குச் சுமார் 12 டிகிரி கிழக்கே நகர்ந்துவிடுகிறது. ஒரு டிகிரி சுழலப் பூமிக்கு 4 நிமிடம் வேண்டும். ஆகவே நிலவை மறுபடி அதே இடத்தில் பார்க்க, சராசரியாக 50 நிமிடம் கூடுதலாகச் சுழல வேண்டும். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் நாள்தோறும் 50 நிமிடம் பிந்தி வருவதும் இதனால்தான். நிலவின் நாள் 24 மணி 50 நிமிடம். அப்பாவின் நாள் 24 மணி 30 நிமிடம். நாம் எல்லோரும் சூரியனின் நாளில் இருக்கிறோம். அவர் மட்டும் தனியாக ஒரு நாளில் இருக்கிறார்.

அப்படியானால் சித்தி சொன்னதுதான் சரியோ என்று நீ கேட்பாய். நானும் ஒரு வாரம் அந்தச் சந்தேகத்தோடு திரிந்தேன். 1977இல் பார்வையில்லாத ஒருவரின் உடல் நாள் 24.9 மணி என்று ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அது நிலவின் நாளுக்கு எவ்வளவு பக்கம் பார்! ஆனால் நோட்டு பொய் சொல்லாது. அதில் மூன்று பௌர்ணமி இருக்கின்றன. முதல் பௌர்ணமியில் அப்பா இரவு பதினொரு மணிக்குள் தூங்கிவிட்டார். இரண்டாவதில் இரவெல்லாம் விழித்திருந்து பகல் இரண்டு மணிக்குத் தூங்கினார். மூன்றாவதில் விடிகாலை நாலரை. நிலவு 29 நாள் சொச்சத்தில் ஒரு சுற்று, இவர் 48 நாளில் ஒரு சுற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சித்தியிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். சற்றுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், யாரோடும் ஒட்டாமல் அவர் மட்டும் சுற்றுகிறார்" என்றாள். பௌர்ணமியைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். நாம் சிறு வயதில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டுத் தொட்டு இம்சைப்படுத்துவோமே, அதே செடியைத்தான் 1729இல் பிரெஞ்சு வானியல் அறிஞர் மெரான் இருட்டில் அடைத்துவைத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சமே இல்லாமல் அது பகலில் விரிந்து இரவில் மூடிக்கொண்டதாம். உள்ளே ஏதோ கணக்கு ஓடுகிறது என்பதற்கு அதுதான் முதல் சான்று. 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி அவரை வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20! உடலுக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களை ஈக்களில் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹால், ராஸ்பாஷ், யங். எனக்கு இவர்கள் மூவரும் இப்போது சொந்தக்காரர்கள் மாதிரி.

மூளையின் அடியில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து நமக்கு நேரம் சொல்கின்றன. ஆனால் மனிதர்களிடம் அந்தக் கடிகாரம் பெரும்பாலும் 24 மணியைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. சராசரியாக 24 மணி பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீயும் நானும் தினமும் கொஞ்சம் பிந்துகிறோம், ராஜி. காலை வெளிச்சம் விழித்திரையில் பட்டதும் முள்ளைத் திருப்பி வைத்துவிடுகிறது. அதைச் செய்கிற அணுக்கள் தனி. உருவத்தைக் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை. வெளியே வெளிச்சமா இருட்டா என்று மூளைக்குச் சொல்வதுதான். பார்வை போனவர்களிலும் சிலருக்கு அந்த அணுக்கள் பிழைத்திருக்கும். அவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆனால் உடலுக்கு விடிந்தது தெரிந்துவிடும். கண் அழுத்த நோயோ விழித்திரையின் நரம்பணுக்களையே அழிக்கிறது. அப்பாவின் முள்ளைத் திருப்பி வைக்க யாருமில்லை. பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடித்த செய்தி அவர் உடலுக்குள் போய்ச் சேரவே இல்லை. அதைத்தான் நாங்கள் பிடிவாதம் என்றோம்.

இதை எழுதும்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது, எழுந்திருக்கவே மனமில்லை, அழுகை வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் தொலைபேசியில் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்கு என்றேன். என்னை மன்னித்துவிடு. நீ இருப்பது 60 டிகிரி வடக்கில். பூமி 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. உன் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டிய காலை வெளிச்சம் நீ வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. குளிர்காலத்தில் இப்படி மனம் சோர்ந்து போவதை மருத்துவர்கள் 1984 முதலே தனி நோயாக எழுதிவருகிறார்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; காலையில் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன்னால் அரை மணி உட்காரச் சொல்கிறார்கள். வீட்டு விளக்கெல்லாம் சில நூறு லக்ஸ்தான். நம் கண்ணுக்குத்தான் அது பிரகாசம். மேகம் மூடிய பகலிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும். தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பார். மதியத்தில் கொஞ்ச நேரமாவது வெளியே நட. இது உன் பலவீனம் இல்லை, பூமியின் சாய்வு.

சூரியன் கோடையில்தான் பக்கத்தில் வருகிறது என்று நீ டீச்சரோடு மல்லுக்கு நின்றாயே, அந்தப் பந்தயக் கணக்கு இன்னும் தீரவில்லை. நீ இருட்டில் நடுங்குகிற ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.21 கோடி. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் உன் குளிர் போகவில்லை என்றால் அந்தச் சாய்வுக்கு எவ்வளவு வலு இருக்க வேண்டும்!

ஒரு கணக்கு மட்டும் அப்பாவோடு சேர்ந்து போட்டேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிலவு இழுக்கும் ஓதத்தால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்போலோ வீரர்கள் அங்கே விட்டுவந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து இதை அளக்கிறார்கள். 1963இல் ஜான் வெல்ஸ் என்பவர் ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழைய பவளப் புதைபடிவங்களில் அன்றாட வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 கோடுகள்! அன்று ஆண்டுக்கு 400 நாள், நாளுக்கு ஏறத்தாழ 22 மணி. இப்போது நூறு ஆண்டுக்குச் சுமார் 2 மில்லி செகண்ட் நாள் நீள்கிறது. இதைப் படித்துக் காட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் என்றைக்காவது பூமி என் நாளுக்கு வந்துவிடும்" என்றார். அரை மணி என்றால் 1,800 செகண்ட். வகுத்துப் பார்த்தோம். இதே வேகத்தில் போனால் 9 கோடி ஆண்டு. கண் போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதுவரை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்றார்.

மாத்திரை என்றது பழைய மாத்திரையை இல்லை. நோட்டையும் கட்டத்தாளையும் எடுத்துக்கொண்டு தூக்க நோய் பார்க்கும் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் கட்டத்தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை யார் வரைந்தது?" என்றார். பார்வை முழுவதும் இழந்தவர்கள் பலருக்கு இது வருவதுண்டாம். இருட்டியதும் மூளை சுரக்கிற மெலடோனினைத் தினமும் ஒரே நேரத்தில் மிகச் சிறிய அளவில் கொடுத்தால், வெளிச்சம் செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தை அது செய்துவிடும் என்றார். பலருக்குப் பலன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. பொறுமையாக இருங்கள் என்றும் சொன்னார். அப்பாவின் சுற்று இரவோடு ஒத்துப்போகும் நாள் பார்த்துத் தொடங்கினோம். மூன்று வாரம் ஆகிறது. கோட்டின் சாய்வு குறைந்திருக்கிறது. கடைசி ஐந்து புள்ளிகள்: 10.45, 10.50, 10.40, 10.45, 10.45. நேராகிவிட்டது என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அந்த முதல் மாத்திரையில் ஏமாந்தவர்கள் நாங்கள்; முழுதாக ஒரு நாற்பத்தெட்டு நாள் கடக்கட்டும்.

காலையில் இப்போது அவரைக் கிழக்குப் பக்கம் உட்கார வைக்கிறேன். கண்ணுக்குப் பயன் இல்லை என்று தெரியும். அவருக்கு வெயில் முகத்தில் படுவது பிடித்திருக்கிறது. வலது கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறியதும் "மணி எட்டு இருக்குமா?" என்பார். நேற்று 8.05.

உடனே பதில் போடு. பதிலோடு ஒரு வாரத்துக்கு நீ தூங்கிய நேரம், விழித்த நேரம், வெளியே நடந்த நிமிடம் மூன்றையும் எழுதி அனுப்பு. கட்டத்தாள் இன்னும் நிறைய இருக்கிறது, உனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரி