செல்போன் பில்லில் அலைவரிசையையும் எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அன்லாக் செய்த போன், எந்த சிம் போட்டாலும் எடுக்கும்' என்று சொல்லி விற்கப்படும் வெளிநாட்டுப் பழைய செல்போன்களைப் பற்றி இதை எழுதுகிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற தீபாவளிக்கு 14,000 ரூபாய் கொடுத்து அப்படி ஒன்றை எனக்கு வாங்கித் தந்தான். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் இணைப்போடு விற்கப்பட்டு, பிறகு பூட்டு நீக்கப்பட்ட போன் அது. கடையிலேயே என் சிம்மைப் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று எடுத்தது. சந்தோஷமாக ஊருக்கு பஸ் ஏறினேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைச்சாலையில் இறங்கும்போதே சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஊருக்குள் நுழைந்ததும் 'சேவை இல்லை' என்றது. மலையடிவாரத்தில் இது பழகிப்போன சங்கதிதான் என்று விட்டிருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்ட ஏழாயிரம் ரூபாய் போனில், அடுப்படியில் உட்கார்ந்தபடி மகளோடு பேசிக்கொண்டிருந்தார். என் சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டேன். நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன. அவர் சிம்மை என் போனில் போட்டேன், ஒன்றுகூட இல்லை.

நான் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். வங்கியிலிருந்து ஓடிபி வர வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி, வேறெங்கோ உள்ள டவரின் ஒரு கோட்டைப் பிடிக்க வேண்டும். ஏறுவதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடும். கடையில் கேட்டதற்கு 'சிம் பழசு, மாற்றுங்கள்' என்றார்கள். மாற்றினேன். 'செட்டிங்கில் ஏதோ இருக்கும்' என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் இப்படியே போனது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு பையன்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னான். டவர்களில் ஏறிப் பராமரிப்பு வேலை செய்கிறவன் அவன். பால் ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினான். மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் பண்பலை எடுக்குமா அக்கா என்று கேட்டான். அன்லாக் செய்வது என்றால், வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி போட்ட பூட்டை நீக்குவது மட்டும்தான். போன் எந்தெந்த அலைவரிசையைக் கேட்கும் என்பது உள்ளே வைத்த ஆன்டெனா, வடிகட்டி முதலிய பாகங்களைப் பொறுத்தது. எந்தக் கடைக்காரரும் அதைத் திறந்துவிட முடியாது. ஒரே பெயரில் வரும் போன்கூட நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணில், வேறு அலைவரிசைகளோடு வருகிறது.

எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த டவர் 700 மெகாஹெர்ட்ஸில் 4ஜி மட்டும் தருகிறது. இப்படிக் குறைந்த அலைவரிசைதான் வெகுதூரம் போகும். மரம், சுவர் தாண்டி வீட்டுக்குள் வரும். ஓசூரில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் 2100 போன்ற உயர்ந்த அலைவரிசைகளும் எங்கும் கிடைக்கின்றன. அதனால்தான் கடையில் எடுத்தது. சரி, என் போனின் விவரத்திலும் 700 என்றுதானே போட்டிருக்கிறது என்றேன். அங்கேதான் ஏமாற்றமே இருக்கிறது. எண் கொடுத்துப் பிரித்த அலைவரிசைத் தொகுப்பை பேண்ட் என்கிறார்கள். நம் நாட்டில் பயன்படும் 28ஆம் பேண்டில் டவர் பேசுவது 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவின் 12, 13ஆம் பேண்டுகளில் போன் கேட்பது 729 முதல் 756 வரை. இரண்டுக்கும் பெயர் 700. நடுவே இரண்டே மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் அந்த டவர் பேசுவது என் போனின் காதில் விழவே விழாது.

வெளிநாட்டு போனுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது எத்தனையோ பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். அவர்களிடம் 28ஆம் பேண்ட் இல்லாத பழைய போன் இருந்தால், 700இல் மட்டும் 4ஜி வரும் ஊரில் அந்தச் சேவை கிடைக்காது. பாவம், அவர்கள் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. கையிலுள்ள போன் புது நிறுவனத்தின் டவரைக் கேட்குமா என்று தெரியாமல் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? சிம் விற்கிற இடத்தில் இதை யாராவது சொல்கிறார்களா?

போனிலிருந்து உடல் ஏற்கும் கதிர்வீச்சு அளவு கிலோ எடைக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது, அந்த அளவை வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012இலேயே விதி செய்த அரசுக்கு இதுவும் முடியும். எந்தெந்த பேண்டில் போன் வேலை செய்யும் என்பதைப் பெட்டி மேல் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். பழைய போன் விற்பவர்கள் மாடல் எண்ணையும் பேண்டுகளையும் பில்லில் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு சிம் நிறுவனமும் அந்தந்த வட்டத்தில் எந்த அலைவரிசையில் டவர் ஓடுகிறது என்று தன் கடை வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஒரு பலகைக்கு என்ன செலவாகிவிடும்?

அதுவரை என்னைப் போன்ற கிராமத்துக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நகரத்துக் கடையில் சிக்னல் எடுத்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் மாடல் எண் இருக்கும். அதை வைத்து பேண்டுகளைப் பாருங்கள். உங்கள் ஊர் டவரின் பேண்ட் அதில் இருக்கிறதா என்று சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். ஊரில் எடுக்காவிட்டால் இரண்டு நாளில் திருப்பித் தருவேன் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் எழுதி வாங்கவில்லை. அதனால் அந்தப் பால் ரசீதை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் மறுபடி அந்தக் கடைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
பால் கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர்,
அஞ்செட்டி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.