டாருக் மண்ணில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பெற்றோரே,

யாழ்ப்பாணம், மன்னார், தூத்துக்குடி, நாகர்கோவில் என்று எங்கிருந்து வந்திருந்தாலும், இன்று நாம் மேற்குச் சிட்னியில், டாருக் என்ற பூர்வகுடி மக்களின் மண்ணில், துங்காபி, பெண்டில் ஹில், கிராவீன், வென்ட்வர்த்வில் பக்கம் ஒன்றாக வாழ்கிறோம். பிள்ளைகளைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் விடுகிறோம். நம்மில் இந்துக் குடும்பங்களும் ஏராளம். பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கத்துக்கு ஒரு செயல்திட்டம் எழுதப்போகிறோம், பெற்றோரிலிருந்து ஆட்கள் வேண்டும் என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"வெள்ளைக்காரன் செய்த பாவத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்றார் ஒருவர். "செலக்டிவ் பரீட்சை வருகிற வருடத்தில் இதெல்லாம் தேவையா?" என்று, தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு உயர்பள்ளிகளை நினைத்துக் கேட்டார் இன்னொருவர். பூர்வகுடி மக்களின் சடங்கில் இலை எரித்துப் புகை போடுவதெல்லாம் நம் வேதத்தில் இல்லை என்றும் ஒரு குரல் வந்தது. கடைசியில் தமிழ்ப் பெற்றோரில் ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. பள்ளியில் பல பண்பாடுகளைக் கொண்டாடும் ஹார்மனி தினத்துக்குப் பட்டுச்சேலையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, தட்டுத் தட்டாக வடையும் ரோல்ஸும் கொண்டுபோகிற நாம் இதற்கு மட்டும் ஒதுங்கி நிற்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

நாம் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கிராவீனுக்குப் பக்கத்தில் பெமுல்வுய் என்ற புறநகர் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் பிஜிகல் குலத்துப் போர்வீரர். 1790 முதல் பன்னிரண்டு வருடம் வெள்ளையர் குடியேற்றத்தை எதிர்த்து நின்றார். 1797-இல் துங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கினார். துரத்தி வந்த படையோடு பரமட்டாவில் மோதி, உடம்பெல்லாம் ஈயக்குண்டு பாய்ந்து பிடிபட்டார். காலில் விலங்கோடு மருத்துவமனையில் கிடந்தவர் அந்த விலங்கோடே தப்பிப் போனார். 1802-இல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையை வெட்டிப் பதப்படுத்தி இங்கிலாந்தில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார்கள். அது இன்னும் ஊர் திரும்பவில்லை. நம் பிள்ளைகள் முகவரி எழுதும்போதெல்லாம் எழுதுகிற பெயர் இது. அவர் யார் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அதே புறநகரை ஒட்டித்தான் ப்ரொஸ்பெக்ட் ஹில் நிற்கிறது. ரோடு போடும் கல்லுக்காக நூறு வருடத்துக்கு மேல் வெட்டித் தோண்டிய மலை. பெமுல்வுய் கொல்லப்பட்ட மூன்றாம் வருடம், 1805 மே 3 அன்று, அங்கே ஒரு சந்திப்பு நடந்தது. இரண்டு பக்கமும் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம். அதை நிறுத்த வேண்டும் என்று முன்வந்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். அவர்கள் பேசிப் பேசித்தான் தங்கள் ஆட்களையும் குடியேறியவர்களின் பிரதிநிதிகளையும் நேருக்கு நேர் கூட்டிவைத்தார்கள். இந்த நாட்டில் எழுத்தில் பதிவான மிகப் பழைய நல்லிணக்க முயற்சிகளில் ஒன்று அது. நம்மில் பலர் மாலையில் நடக்கப் போகிற இடம். பஸ் வைத்து கான்பெராவுக்குக் கூட்டிப்போகும் பள்ளி, பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற இந்த மலைக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போக வேண்டாமா?

சரி, பரீட்சை விஷயத்துக்கு வருகிறேன். 1815-இல் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப்பள்ளி திறந்தார். சேர்த்துவிட்ட பிள்ளையை ஆணென்றால் 16 வயது வரை, பெண்ணென்றால் 14 வயது வரை வெளியே விடக்கூடாது என்பது விதி. வருடத்துக்கு ஒருமுறை டிசம்பர் 28-இல் ஆளுநர் விருந்து வைப்பார். பிள்ளையைப் பார்க்க வேண்டிய தாய் தகப்பன் அன்றைக்கு வந்து பார்க்கலாம். அந்தப் பள்ளியில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி, டாருக் தலைவர் யாரமுண்டியின் மகள் மரியா. 1819-இல் பரமட்டாவில் நடந்த பொதுப் பரீட்சையில் சுமார் நூறு வெள்ளைப் பிள்ளைகளும் இருபது பூர்வகுடிப் பிள்ளைகளும் எழுதினார்கள். முதற்பரிசு ஒரு 14 வயதுப் பூர்வகுடிப் பெண்ணுக்குக் கிடைத்தது என்று அன்றைய சிட்னி கெசெட் பத்திரிகை எழுதியது. அந்தப் பெண் மரியாதான் என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள்.

முதலிடம் வாங்கிய அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள். ராபர்ட் லாக் என்ற தண்டனைக் கைதியை 1824-இல் மணந்தார். இறந்துபோன தம் சகோதரன் கோல்பியின் நிலத்தைத் தமக்குத் தரும்படி 1831-இல் ஆளுநருக்கு மனு எழுதினார். நிலம் கைக்கு வந்தது 1843-இல். சொந்த அப்பா பாட்டன் நடந்த மண்ணில் ஒரு துண்டு வாங்க மனுப்போட்டுப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த பெண் அவர். இன்றைய டாருக் குடும்பங்கள் பல அவருடைய வழித்தோன்றல்கள். அந்த விடுதிப்பள்ளி 1823-இல் இடம் மாறியது. அது மாறிய இடத்தை வெள்ளையர்கள் 'பிளாக் டவுன்' என்று அழைக்க, அதுவே ஊர்ப்பெயராக நிலைத்தது. ஓக்ஹர்ஸ்டில், ரிச்மண்ட் ரோடு ஓரத்தில், அந்த நிலம் இன்னும் வெட்டவெளியாகக் கிடக்கிறது. 2018-இல் அது டாருக் மக்கள் கையில் திரும்பக் கொடுக்கப்பட்டது. படிப்பு என்றால் உயிரைக் கொடுக்கிற சமூகம் நாம். மரியாவின் கதை நம் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கெடுக்கும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நாமா செய்தோம் என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை, நாம் செய்யவில்லை. ஆனால் நம் வீடும் பள்ளியும் ஆலயமும் இந்த மண்ணில்தான் நிற்கின்றன. அதோடு, நாம் வெறும் குடியேறிகள் மட்டும் இல்லை, இங்குள்ள திருச்சபையின் ஆட்களும்கூட. 1910-க்கும் 1970-க்கும் இடையில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டார்கள் என்று 1997-இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. அரசு பிடித்துக்கொண்டுபோனது. பல இடங்களில் வாங்கி வைத்து வளர்த்தது சபைகள். வடக்கே மெல்வில் தீவின் கார்டன் பாயிண்டில் 1941 முதல் நடந்தது கத்தோலிக்க மிஷன். அங்கே வளர்ந்தவர்கள் பலர் தாயின் முகம் தெரியாமல் வளர்ந்தார்கள். பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது இவர்களிடம்தான். கத்தோலிக்கப் பள்ளி ஒன்று இதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

இதே திருச்சபையில் பெருமைப்படவும் ஆட்கள் உண்டு. மம் ஷெர்ல் (ஷெர்ல் அம்மா) என்று சிட்னியின் ரெட்ஃபெர்ன் முழுக்க அழைத்த ஷெர்லி ஸ்மித், கௌரா என்ற ஊருக்குப் பக்கத்து எரம்பி மிஷனில் பிறந்தவர், விராஜுரி என்ற பூர்வகுடி இனத்துப் பெண், நல்ல கத்தோலிக்கர். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பார். இவனுக்கு நீ என்ன உறவு என்று அதிகாரிகள் கேட்டால், நான் இவனுடைய அம்மா என்பார். அந்தப் பதிலே பெயராகிவிட்டது. ரெட்ஃபெர்ன் புனித வின்சென்ட் பங்கில் 1971 முதல் இருந்த டெட் கென்னடி சுவாமியும் அவரும் அந்த ஆலயத்தின் கதவை வீடில்லாத பூர்வகுடி மக்களுக்குத் திறந்தே வைத்தார்கள். வடக்கே டேலி ரிவரில் மிரியம்-ரோஸ் உங்கன்மெர்-பௌமன், வடபுலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) முழுத்தகுதி பெற்ற முதல் பூர்வகுடி ஆசிரியை, கத்தோலிக்கப் பள்ளிக்கு அதிபராக இருந்தவர். புனிதர்களின் வரலாறு படிக்கிற நம் பிள்ளைகள் இவர்களையும் படிக்கட்டும்.

புகையைப் பற்றிக் கேட்டவருக்கு: நம் திருப்பலியில் தூபம் இல்லையா? குத்துவிளக்கு ஏற்றுகிறோம், ஆரத்தி எடுக்கிறோம். இந்தியத் திருச்சபையில் இவற்றுக்கு ரோமின் அனுமதி 1969-இல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் 'இது வேதமா' என்று சண்டை போட்டவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். நமக்குக் கிடைத்த அந்த இடத்தை இன்னொருவருக்கு மறுப்பது எப்படி நியாயம்? 1986 நவம்பர் 29 அன்று அலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வகுடி மக்களிடம் இரண்டாம் யோவான் பவுல் பேசியது இதையேதான். உங்கள் பங்கை நீங்கள் கொடுத்து, மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்வரை அவுஸ்திரேலியத் திருச்சபை இயேசு விரும்புகிற முழுத் திருச்சபையாக இருக்காது என்றார். ஏற்றுக்கொள்ள வேண்டிய 'மற்றவர்கள்' பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

வீட்டு உறுதி (பத்திரம்) பறிபோகும் என்று ஒருவர் குழுவில் பயமுறுத்தியிருந்தார். பூர்வகுடி மக்களின் நில உரிமையை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட மாபோ தீர்ப்பு 1992 ஜூன் 3-இல் வந்தபோதும் இதே புரளி கிளம்பியது. தனியார் கிரயம் செய்த வீட்டு மனையில் பூர்வகுடி உரிமை கோர முடியாது என்பது தெளிவான சட்டம். பூர்வகுடி மக்களின் குரலை அரசியலமைப்பில் சேர்ப்பது பற்றிய 2023 அக்டோபர் வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் சரி, பள்ளியில் நடக்கப்போவது அது அல்ல.

இனி, பள்ளி சரியாகச் செய்கிறதா என்ற கேள்வி. நாம் உள்ளே போகாததால்தான் இதை யாரும் கேட்பதில்லை. திங்கள்கிழமை அசெம்பிளியில் ஒரு பிள்ளை லேமினேட் செய்த அட்டையைப் பார்த்து, டாருக் மக்களுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு ஓடுகிறது. நல்லிணக்க வாரத்தில் பிள்ளைகள் எல்லாரும் புள்ளி வைத்து ஆமையும் பல்லியும் வரைகிறார்கள். அந்தப் புள்ளி ஓவியம் நடுப் பாலைவனத்துக்கு உரியது. 1971-இல் பபுன்யாவில் பெரியவர்கள் பலகையில் வரையத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் அதை வரைய உரிமையுள்ள குடும்பம் உண்டு. சிட்னி மணற்பாறைகளில் டாருக் மக்களும் அண்டைக் குலத்தாரும் செதுக்கிய கங்காருவும் மீனும் இன்றும் இருக்க, நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

போன வருடம் பள்ளிக்கு ஒரு டாருக் ஆன்டி வந்திருந்தார். பெரியவர்களை ஆன்டி, அங்கிள் என்று அழைக்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கார் நிறுத்தும் இடத்து ஓரத்தில் மண்டிக் கிடந்த லொமாண்ட்ரா புல்லைக் காட்டி, ஒரு இலையை அடியோடு உருவி, வெள்ளையான அடிப்பகுதியைக் கடித்துப் பார்க்கச் சொன்னார். பச்சைப் பட்டாணி ருசி. பிறகு அதே இலையைக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கிக் கயிறாக்கினார். தினமும் கால்பட நடந்த புல் அது. பிள்ளைகள் மணி அடித்தும் எழும்பவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பள்ளி அவருக்குக் கொடுத்தது ஒரு பூங்கொத்தும் நன்றி அட்டையும். நீச்சல் பயிற்சியாளருக்குக் காசு கொடுக்கிறோம், கராத்தே மாஸ்டருக்குக் கொடுக்கிறோம். அறுபதாயிரம் வருட அறிவைச் சொல்ல வருகிறவருக்கு உரிய கட்டணம் கொடுக்க வேண்டும். பெற்றோர் சங்க வருமானத்தில் இதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லி நான் கேட்கப்போகிறேன். கூட இரண்டு பேர் கை தூக்கினால் போதும்.

இன்னொன்று. பள்ளியில் பூர்வகுடிக் குடும்பங்கள் சில உண்டு. வகுப்பில் இந்தப் பேச்சு வந்ததும் எல்லாரும் அந்த ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆசிரியர் உட்பட. தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்கிற பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளை மேல் வைக்கக் கூடாது. அந்தத் தாய்மாரை நாமே பிறந்தநாளுக்கு அழைக்கலாமே. எத்தனை பேர் அழைத்திருக்கிறோம்?

நல்லிணக்கம் என்றாலே நம்மில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குக் கசக்கும் என்று தெரியும். எனக்கும் கசக்கும். நடந்ததைச் சொல்லாமல், காணாமல் போனவர்கள் எங்கே என்று சொல்லாமல், கைகுலுக்கு என்றால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அதனால்தான் அந்தக் குழுவில் நாம் இருக்க வேண்டும் என்கிறேன். முதலில் உண்மையைச் சொல்லுங்கள், அப்புறம் ஓவியம் வரையலாம் என்று சொல்ல நம்மை விடப் பொருத்தமானவர்கள் அந்த அறையில் குறைவு.

செயல்திட்டக் குழுவுக்குப் பெயர் கொடுக்க இந்தத் தவணை முடியும் வரை நேரம் இருக்கிறது. வரமுடியாதவர்கள் அதிபருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: ப்ரொஸ்பெக்ட் ஹில்லுக்கும் ஓக்ஹர்ஸ்ட் நிலத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும், டாருக் பெரியவர்கள் சம்மதித்து வழிகாட்டினால் மட்டும் போகவும், அவர்களுக்கு உரிய கட்டணம் கொடுக்கவும் கேளுங்கள். ஜூலை முதல் ஞாயிறு திருச்சபையில் பூர்வகுடி மக்களுக்கான ஞாயிறு. பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் வருவதால் பள்ளி அதைத் தவறவிடுகிறது. அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூசைக்கு வாருங்கள். இந்துக் குடும்பங்களும் தாராளமாக வரலாம். தேநீரும் வடையும் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாய்