ஒரு பொருளும் மாற்றாமல் எதற்குப் பில்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில நாட்களாக நம் ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. "இஜிஆர் சென்சார் கோளாறு என்று வண்டியை விட்டேன். ஒன்றரை நாள் வைத்துக்கொண்டார்கள். ஒரு பொருளும் மாற்றவில்லை, பில் மட்டும் போட்டார்கள்." சிலர் என்னிடமே நேரில் கேட்டுவிட்டீர்கள். அது நல்லதுதான். கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இஜிஆர் என்பது புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு. அதன் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது இந்தச் சென்சார். அந்த வண்டியில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வேறு இடத்தில் ஸ்கேனர் போட்டதில் பி0405 என்ற கோளாறு எண் வந்திருக்கிறது. சென்சாரை மாற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். சென்சாரிலிருந்து வண்டியின் கம்ப்யூட்டருக்கு வரும் சிக்னலின் வோல்டேஜ் மிகவும் இறங்கிவிட்டது, பி0405 சொல்வது அவ்வளவுதான். சென்சார் கெட்டாலும் இறங்கும். அதற்குப் போகும் 5 வோல்ட் சப்ளை நின்றாலும் இறங்கும். கனெக்டர் பின்னில் களிம்பு ஏறினாலும், சிக்னல் ஒயர் எங்காவது இரும்பைத் தொட்டாலும் இறங்கும். இவற்றில் எது என்று ஸ்கேனர் சொல்லாது, ஆள்தான் தேட வேண்டும்.

தேடினோம். மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாக வந்தது. எர்த் சரி. வால்வு மூடியிருக்கும்போது சிக்னல் 1 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே நின்று, திறக்கத் திறக்கச் சீராக ஏறியது. ஆறிய எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கோளாறு பதிவான நேரத்து விவரம், அதாவது ஃப்ரீஸ் ஃபிரேம், எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்ததாகக் காட்டியது. சரி, ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தோம், பிடிபடவில்லை. இரவு ஆறவிட்டு மறுநாள் திரும்பவும் சூடாக்கினோம். ஒருவர் ஒயர்க்கட்டை அசைக்க, இன்னொருவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது சிக்னல் ஒரு நொடி பூஜ்யத்துக்கு விழுந்தது. வால்வுக்குப் பின்னால் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒயரின் தோல் போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, வேறு ஒயர் இணைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டில் படாமல் கட்டினோம். அப்புறம் அந்த விளக்கு எரியவில்லை.

"சும்மா பார்த்ததற்குப் பணம்" என்று சிலர் சொன்ன வார்த்தைதான் எனக்கு உறைத்தது. அந்த வண்டிக்குச் சென்சார் தனியாக வராது, வால்வோடு சேர்த்தே வாங்க வேண்டும். புது வால்வைப் போட்டுக் கொடுத்திருந்தால் பில் பல மடங்கு ஆகியிருக்கும். பழைய பொருளைக் கையில் கொடுத்திருப்போம், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். உரசிய ஒயர் மட்டும் அப்படியே இருந்திருக்கும், விளக்கும் திரும்ப எரிந்திருக்கும். ஒன்றரை நாள் உட்கார்ந்து தேடியது அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான்.

ஆனாலும் எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. பொருள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சோதித்த நேரத்துக்குக் கூலி உண்டு என்று வண்டியை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. அதற்காக அந்த வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். இனி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை வாங்குவோம்.

பி0401 என்ற இன்னொரு கோளாறு எண் வந்தால் சென்சார்மேல் இன்னும் அவசரமாகப் பழி விழுகிறது. புகையில் ஒரு பங்கை அப்படித் திரும்ப உள்ளே விட்டு, எரியும் சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது இஜிஆரின் வேலை. அந்தப் பங்கு போதவில்லை என்பதே பி0401. பெரும்பாலும் வழியில் கரி அடைத்திருக்கும், சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். கரியைச் சுரண்டினால் தீர்கிற இடத்தில் புதுச் சென்சார் எதற்கு? இஜிஆரையே அடைத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அதை நாங்கள் செய்வதில்லை.

ஒரு வேண்டுகோள். விளக்கு எரிந்தால் பதிவான கோளாறு எண்ணை அழித்துவிட்டோ, பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டோ வராதீர்கள். ஃப்ரீஸ் ஃபிரேமும் அதோடு போய்விடும். அந்த வண்டியில் எஞ்சின் சூட்டைக் காட்டிக் கொடுத்த ஒரே தடயம் அதுதான்.

எலக்ட்ரிக்கல் பார்த்த தம்பி சொந்தத் தொழில் தொடங்கிப் போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் இந்தச் சோதனைகள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், முன்பதிவோடும் முன்பணத்தோடும்.

இந்தப் பேச்சு காதில் விழுந்தும், "அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்று எங்களுக்காகப் பேசியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள் என்று தெரியவந்தது. வண்டியை விட்டுவிட்டு, "உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்" என்று சொல்லிப் போகிற உங்களை நம்பித்தான் இந்தக் கடை நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

வெட்டி எடுத்த அந்த ஒயர்த்துண்டு என் மேசையில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப் உரிமையாளர்