ஆறு மாதத்தில் காலாவதியாகும் வெல்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய், எரிவாயுத் துறையில் ஆள் தட்டுப்பாடு என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் காலத்துப் பையன்கள் வெயிலில் நிற்கத் தயாரில்லை என்பதை முதல் காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் பைப் வெல்டராக இருந்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆள் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த திரவ இயற்கை எரிவாயு உற்பத்தித் திறனை 14.2 கோடி டன்னாக உயர்த்தப் போவதாக 2024-ல் கத்தார் அறிவித்தது. அவ்வளவும் குழாய் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். எங்கள் திருச்சிப் பக்கம் ட்ரேட் டெஸ்ட்டுக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கைவேலைச் சோதனைக்கு, ஒட்டுகிற நோட்டீஸில் 6ஜி வெல்டர் என்ற வரி இல்லாமல் நான் பார்த்ததில்லை.

6ஜி என்றால் வெல்டருக்கு வைக்கும் ஒரு டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். மேல் பக்கம் யாரும் பற்றவைத்துவிடலாம். அடிவயிற்றுக்கு வந்தால் உருகிய இரும்பு கீழே தொங்கப் பார்க்கும், மணிக்கட்டு திரும்பாது. அந்த இடத்தில் ரூட், அதாவது மூட்டின் அடியில் விழும் முதல் பற்று, கொஞ்சம் குழிந்தாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இது கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவும் ஒரு மலையாளி ஃபோர்மேனுக்கு ஹெல்ப்பராக ராடு சுமந்து, கிரைண்டர் பிடித்து, சாப்பாட்டு நேரத்தில் அவர் கொடுத்த துண்டுக் குழாய்களில் பழகியதால்.

உங்கள் கட்டுரையில் வராத ஒரு விஷயம் உண்டு. வெல்டர்களுக்கு இந்தத் தொழிலில் பரவலாகப் பின்பற்றுவது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதி. ஒருவர் தேறிய வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால், அவருடைய தகுதி காலாவதி. மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். இதை எண்ணெய் விலையோடு சேர்த்துப் பாருங்கள். 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலரைத் தொட்ட பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. எங்கள் கேம்ப்பிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று பஸ் நிறைய ஆட்கள் விமான நிலையத்துக்குப் போனார்கள். அப்புறம் 2020-ல் கொரோனா. என்னோடு ஒரே அறையில் படுத்த இரண்டு பேர் அப்போது ஊர் திரும்பினார்கள். ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொருவர் கேட், கிரில் அடிக்கிறார். நல்ல டிக் (வாயுப் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறை) வெல்டர் அவர். கிரில் அடித்ததெல்லாம் அந்த ஆறு மாதக் கணக்கில் சேராது. பிறகு வேலை சூடு பிடித்ததும் அதே கம்பெனி அவரைக் கூப்பிட்டது. “மறுபடி டெஸ்ட், மறுபடி ஏஜென்ட்டுக்குப் பணம், போதும்ணே” என்று சொல்லிவிட்டார்.

ஏஜென்ட் கதையைச் சொன்னால் பக்கம் போதாது. சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை.

பையன்களைப் பற்றி. போன மாதம் ஐடிஐ முடித்த ஒருவன் என்னிடம் வந்தான். சான்றிதழ் பளிச்சென்று இருந்தது. குழாயில் பற்றவைத்திருக்கிறாயா என்று கேட்டேன். தகட்டில்தான் சார், ஒரு நாளைக்கு இரண்டு ராடு கொடுப்பார்கள் என்றான். வெயிலுக்கு அவன் பயப்படவில்லை. என் தகரக் கொட்டகையில் நாலு மணி நேரம் நின்றான். பழகக் குழாய்தான் இல்லை. முன்பு ஹெல்ப்பராகச் சேர்ந்தால் கற்றுக்கொள்ளலாம். இப்போது ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாற்பது நாள் ஷட் டவுனுக்கு ஆள் எடுத்து, முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

ஆள் இல்லை என்று பேட்டி கொடுக்கும் நிறுவனங்களிடம் அடுத்த முறை உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: விலை விழுந்த வருடங்களில் எத்தனை வெல்டர்களை வைத்துக்கொண்டீர்கள்? வெட்டி மிஞ்சும் துண்டுக் குழாய்களைப் பக்கத்து ஐடிஐக்குக் கொடுக்கிறீர்களா, எடைக்குப் போடுகிறீர்களா?

— ஓய்வுபெற்ற பைப் வெல்டர்,
துவாக்குடி, திருச்சி.