மஞ்சள் நுரையை மூடாமல் விடாதீர்கள்

கொடைக்கானலிலும் மேல்மலைக் கிராமங்களிலும் காட்டேஜ் கட்டுகிற உரிமையாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் உங்கள் கட்டடங்களில்தான் நான் வயரிங் வேலை பார்க்கிறேன். கல் சுவர் எழுப்பிய இடங்களில் இப்போது பஃப் பேனல் வந்துவிட்டது. இரண்டு தகடு, நடுவில் மஞ்சள் நுரை. பாரம் குறைவு, மலைக்கு ஏற்றிவருவது சுலபம், சீக்கிரம் சுவர் நிற்கிறது, குளிரும் உள்ளே வராது. நீங்கள் ஏன் அதை வாங்குகிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. என் கவலையெல்லாம் அது எரிந்தால் வரும் புகைதான்.

அந்த நுரை பாலியூரித்தேன். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து கிளம்பும். ஒன்று ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது. மற்றொன்று, வந்து சேர்ந்த ஆக்சிஜனையும் உடம்பு பயன்படுத்த விடாது. மூடிய அறையில் சில நிமிடத்திலேயே நினைவு தப்பிவிடும். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில், ஓர் இரவு விடுதியில் கொளுத்திய வாணம், சத்தத்தைக் குறைக்கக் கூரையில் ஒட்டியிருந்த நுரையில் பட்டது. 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை.

நம் அறைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கதவு. குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி. குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத் தூங்கும் விருந்தினர், கூடவே குழந்தைகள். கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரட்டினாலும் அந்தச் சில நிமிடத்துக்குள் வந்து சேராது.

போன மழைக்காலத்தில் ஒரு காட்டேஜில் சாக்கெட்டைக் கழற்றினேன். தகட்டில் ஓட்டை போட்டு, குழாய் எதுவும் இல்லாமல் வயரை நேராக நுரைக்குள் இழுத்திருந்தார்கள். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அங்கே இருந்தது 6 ஆம்பியர் சாக்கெட். பிளாஸ்டிக் பழுத்துப்போய், பின்னால் இருந்த நுரை கரும்பழுப்பாகி விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நுரைக்குள் ஓடும் வயரின் சூடு வெளியேற வழியே கிடையாது. அன்று இரவு அந்த அறைக்கு முன்பதிவு இருந்தது.

‘இது எஃப்ஆர் நுரை, தீப்பிடிக்காது’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். எஃப்ஆர் என்றால் தீயைத் தடுக்க மருந்து கலந்தது. அந்த மருந்து பற்றுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பற்றிக்கொண்டபின் வரும் புகை நஞ்சுதான். அதைவிட மேல் என்று சொல்லப்படும், பாலியூரித்தேனுக்கு நெருங்கிய உறவான பிஐஆர் நுரைதான், 2017இல் 72 பேர் இறந்த லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தின் வெளிச்சுவரில் பெரும்பாலும் இருந்தது. தெர்மாகோல் இன்னும் மோசம், உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ராக்வுல் வைத்த பேனல் கேளுங்கள். அது கல்லை உருக்கி இழுத்த நார், எரியாது. விலை கூடும், பாரமும் கூடும். 50 மில்லிமீட்டர் பஃப் தரும் கதகதப்புக்கு அதில் 75, 80 வேண்டும். நம் ஊர் மூடுபனியில் ஈரம் ஏறாமல் மூட்டுகளையும் நன்றாக அடைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

பஃப்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா, சரி. உள்பக்கம் முழுக்க, கூரையையும் சேர்த்து, அரை அங்குல ஜிப்சம் போர்டு அடியுங்கள். வெட்டிய விளிம்பிலோ மூட்டிலோ நுரை வெளியே தெரியக் கூடாது. வயரை இரும்புக் குழாயில் சுவருக்கு வெளியே ஓட்டுங்கள், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹீட்டருக்குத் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட். கணப்படுப்பின் புகைக்குழாய் நுரையைத் தொடவே கூடாது. அறைக்கு ஒரு புகை அலாரம். ஜன்னல் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

அப்புறம், இடைவெளி அடைக்க ஸ்ப்ரே நுரை அடிக்கும் பையன்களுக்கு முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அது இறுகும்வரை வரும் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அடித்த அன்றே அந்த அறையை வாடகைக்கு விடாதீர்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, ஹீட்டர் செருகும் சாக்கெட்டுகளை மட்டுமாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நுரை நிறம் மாறியிருந்தால் அந்த அறையைப் பூட்டி வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலை வயர்மேன் ஒருவர்